எட்டு ஒயரும் ஒரு ஆவன்னாவும்

1

எங்களுடைய பதினாறாவது திருமண நாளை நானும் என் வீட்டுக்காரரும் ஜூரோங்கில், ஜன்னலே இல்லாத ஒரு குளிர்க் கூடத்தில், காதில் அடைப்பான்களைச் செருகிக்கொண்டு கழித்தோம். ஊரில் இருக்கும் தோழி ஒருத்தி காலையிலேயே, "சிங்கப்பூர்ல இருக்கீங்க, இன்னிக்கு எங்க போறீங்க?" என்று கேட்டு எழுதியிருந்தாள். டேட்டா சென்டருக்கு என்று பதில் போட்டேன். அது ஏதோ சுற்றிப் பார்க்கிற இடம் என்று நினைத்துப் படம் அனுப்பச் சொன்னாள். அங்கே படம் எடுத்தால் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

உள்ளே போவதற்கே அரைமணி நேரம் ஆனது. என் கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் இருக்கும். இவருடையதில் இவர் அப்பா பெயர். காவலர் பட்டியலைப் பார்த்து, "மிஸ்டர் பழனிச்சாமி" என்று கூப்பிட்டார். அந்நேரம் திண்டுக்கல்லில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் என் மாமனாருக்கு விக்கல் எடுத்திருக்கும். சரவணன் ஆகிய இவர் போய் நின்றார்.

இவர் வேலை பார்க்கும் நிறுவனம் தகவல்களைச் சேமித்து வைக்கும் பெட்டிகளை விற்கிறது. என் நிறுவனம் அந்தப் பெட்டிகளையும் கணினிகளையும் ஒயரால் இணைக்கிறது. ஒரே வேலையில் எங்கள் இருவர் பெயரும் வந்தது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை. கணவன் மனைவி என்று இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதிக் கொடுத்தோம். அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று திருமணச் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள். அதைக் கொடுத்த பிறகு மொழிபெயர்ப்பைக் கேட்டார்கள்.

இவருடைய தோள்பையில் இன்னொரு படிவமும் இருந்தது. அதில் இவர் ஒரு கையெழுத்துப் போட்டு, மறுநாள் திங்கட்கிழமை அது பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். பத்து நாளாகப் போடவில்லை. எங்கள் மகள் யாழினி அந்தப் பத்து நாளும் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எழுதப்போவது அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான். ஒயர்கள் நடுவில் வந்து சிக்கிக்கொண்டவை.

2

இவர் என்னிடம் முதன்முதலில் பேசிய வாக்கியம், "அந்த ஆரஞ்சு ஒயரைத் தொட்டது யாரு?" என்பது. இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. எனக்கு வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். தொட்டது நான்தான். தொட்டது மட்டுமா, பிடுங்கியும் விட்டிருந்தேன்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு கணினிக்குப் பின்னாலும் இரண்டு விதமான ஒயர் போகும். சாம்பல் நிறம் எங்களுடையது. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு. ஆரஞ்சு நிறம் இவர்களுடையது. சேமிப்புப் பெட்டிக்குப் போய்வருவதற்கு. எங்கள் கூட்டம் ஒரு மூலையில் உட்காரும், இவர்கள் கூட்டம் எதிர் மூலையில். கேன்டீனில்கூட ஒரே மேசையில் உட்கார மாட்டோம்.

காரணம் இருந்தது. எங்கள் ஒயரில் போகிற சேதி வழியில் விழுந்துவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. போகவில்லையா, மறுபடி அனுப்பு, அவ்வளவுதான். இவர்கள் ஒயரில் ஒரு துண்டுகூட விழக்கூடாது. வேறொருவருடைய கணக்கும் மருத்துவச் சீட்டும் அதில் போகிறது. ஆகவே நாங்கள் இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்போம். இவர்கள் எங்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த இரண்டு கூட்டமும் மண்டபத்திலும் தனித்தனிப் பந்தியில்தான் உட்கார்ந்தது.

குணமும் அப்படித்தான். இந்த ஊருக்கு வந்த நாளின் விமானச் சீட்டு முதல், வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் பழைய நகல்கள் வரை இவர் எதையும் எறிந்ததில்லை. நான் எதையும் வைத்துக்கொண்டதில்லை.

இப்போது காலம் மாறி, இரண்டையும் ஒரே ஒயரில் அனுப்புகிறார்கள். ஒயர் ஒன்று, உள்ளே பாதை இரண்டு. சேமிப்புக்கான பாதையில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. எதிர்ப்பக்கம் நிறைந்துவிட்டால் அது "இரு" என்று ஒரு சேதி அனுப்பும். அனுப்புகிற பக்கம் உடனே நின்றுவிடும். எதையும் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். இடம் ஆனதும் மறுபடி தொடங்கும். ஜூரோங்கில் இருக்கும் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்துக்கு நான் வரைந்து கொடுத்த திட்டம் இதுதான்.

இவர் அதை எதிர்த்து இரண்டு பக்கம் எழுதினார். எங்கள் பாசிர் ரிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே எழுதினார். "உன் ஒயர்ல என் டேட்டாவ விடறதுக்கு எனக்கு மனசு வரல மீனா" என்றார். வாடிக்கையாளர் என் பக்கம் சாய்ந்தார். இவர் மூன்று நாள் டீயே குடிக்கவில்லை.

3

யாழினிக்குப் பதினைந்து வயது. நாலு வயதில் கூட்டிவந்தோம். இந்த ஊர்ப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் படித்தே ஆக வேண்டும்; அதில் எங்களுக்கு நிம்மதி. நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் அதற்கு மேல் உயர்தமிழும் எடுக்கலாம். இவள் எடுத்தாள். பள்ளி முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேறொரு இடத்தில் வகுப்பு. வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். ரயிலில் தூங்கிப்போய்க் கடைசி நிலையத்தில் எழுப்பிவிடப்பட்டதாகச் சொல்வாள். கடைசி நிலையம்தான் எங்கள் வீடு என்பதால் பிழைத்தாள்.

இந்த வருஷம் உயர்தமிழை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று படிவத்தோடு வந்து நின்றாள். அம்மாவுக்கு ஒரு கோடு, அப்பாவுக்கு ஒரு கோடு. நான் நின்றபடியே என் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். இவர் படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"இன்னிக்கு ஹையர் தமிழ். நாளைக்கு மிச்சத் தமிழும் போகும். அப்புறம் நம்மகிட்ட பேசறதுக்கே அவளுக்கு ஒரு ஆப் வேணும்" என்றார்.

இவருக்கு மகள் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் ஒரு டேட்டா. அவள் "பஸ் எடுத்து வர்றேன்" என்பாள். "பஸ்ஸ எடுக்க முடியாது, ஏறித்தான் வரணும்" என்பார். "குளியல் எடுத்துட்டு வர்றேன்" என்பாள். "எங்கேருந்து எடுப்ப?" என்பார். முன்பெல்லாம் சிரிப்பாள். அப்புறம் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். இவர் திருத்துவது பாசத்தால் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டுமே. அந்தப் பத்து நாளில் வீட்டுக்குள் கேட்ட சத்தம் துணி துவைக்கும் இயந்திரத்துடையதுதான். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது, இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவளே ஒரு பேரம் பேசினாள். "மா, ஒங்க வேலைல ஏதாச்சும் டைப் பண்ணணும்னா குடுங்க, நான் பண்ணித் தர்றேன். நீங்க அப்பாகிட்ட பேசுங்க." என்னிடம் டைப் செய்ய வேண்டிய ஒரு தாள் இருந்தது.

4

அந்தத் தாளைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஜமால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தில் ஒயர் இழுத்துச் செருகுகிற வேலை அவருடையது. அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். அண்ணன் பூன் லேயில் பிறந்து பூன் லேயிலேயே பேரனும் எடுத்துவிட்டார்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' சேர்த்துக்கொள்வார். நான்கு வருஷத்துக்கு முன், அறிமுகமான முதல் காலையில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தால் பட்டினி கிடப்பவள் மாதிரியா இருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. காலை உணவு ஆயிற்றா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நான் முறைத்து முடித்திருந்தேன்.

இந்த வேலையில் எல்லாமே இரண்டு இரண்டாக இருக்கும். ஒயர்கள் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டிகள் இரண்டு; ஏ, பி என்று பெயர். ஒன்று செத்தாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ஆனால் கூடத்தில் விசிறிகளின் இரைச்சலில் "பி" என்று கத்தினால் "டி" என்று கேட்கும், "ஏ" என்றால் "எட்டு" என்று கேட்கும். ஒருநாள் வெறுத்துப்போய் நான், "ஆனா பக்கம் அண்ணே, ஆனா பக்கம்" என்று கத்தினேன். அங்கிருந்து அவர், "அப்ப இது ஆவன்னாவா?" என்று கத்தினார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஏ என்றால் அ, பி என்றால் ஆ. வாடிக்கையாளருக்குப் போகிற தாளில் ஏ, பி இருக்கும். எங்கள் இருவருக்குமான தாளில் அ, ஆ இருக்கும். நான்கு வருஷத்தில் ஒரு தப்பு நடந்ததில்லை.

கணினிகளின் ஒயர்களைப் போன மாதமே போட்டுவிட்டார். மிச்சம் சேமிப்புப் பெட்டியின் எட்டு ஒயர். நாலு ஆனா பக்கம், நாலு ஆவன்னா பக்கம். கையால் எழுதியிருந்த அந்த எட்டு வரியைத்தான் யாழினி டைப் செய்து ஜமால் அண்ணனுக்கு நேராக அனுப்பினாள்.

அவரிடமிருந்து எனக்கு ஒரு குரல் சேதி வந்தது: "பெரிய ஏ தானே மெயின் பக்கம்?" நான் அப்போது சிட்டி ஹால் ரயில் நிலையத்தில், ஏறுகிற கூட்டத்துக்கும் இறங்குகிற கூட்டத்துக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தேன். ஏ என்றால் மெயின்தானே. "ஆமா" என்று அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். அவர் பெரிய என்று ஏன் சொன்னார் என்று யோசிக்கவில்லை.

5

ஞாயிறு ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்து, பழையபடி தனித்தனி ஒயர். வாடிக்கையாளரின் மேலாளர் ஓர் அம்மையார். கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜமால் அண்ணன் எட்டு ஒயரையும் செருகினார். எட்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. நான் இவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். இவர் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு டிஸ்க்கும் தெரியல" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரம் இவருடைய பக்கம் தப்பா, என் பக்கம் தப்பா என்பது போனது. அம்மையார் இருந்ததால் ஆங்கிலத்தில் சண்டை போட்டோம். தயவுசெய்து உங்கள் பக்கத்தை ஒருமுறை சரிபார்க்க முடியுமா என்று இவர் கேட்டார். பதினாறு வருஷத்தில் தயவுசெய்து என்ற சொல்லை இவரிடமிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்கு இவர் தமிழுக்குத் திரும்பினார். "மீனா, இங்க பாரு. உன் ஆனா பக்கத்துல வந்து நிக்கறது பூரா என்னோட ஆவன்னா போர்ட்டு. அந்தப் பக்கம் இருக்கறது பூரா ஆனா போர்ட்டு. எட்டும் மாறியிருக்கு."

ஒயர் எங்கே செருகினாலும் விளக்கு பச்சையாகத்தான் எரியும். ஆனால் ஆனா பக்கத்துக் கணினிகள் ஆனா பக்கத்துக் கதவை மட்டும்தான் தட்டும். அங்கே திறக்க ஆளில்லை.

ஜமால் அண்ணன் தன் தாளைக் கொண்டுவந்து காட்டினார். நான் அ என்று எழுதிய இடத்தில் a என்றும், ஆ என்று எழுதிய இடத்தில் A என்றும் இருந்தது. "பெருசு மெயினு, சிறுசு அடுத்ததுன்னு நெனச்சேன். அப்பவும் சந்தேகம் லா, ஒங்களுக்கு மெசேஜ் போட்டு கேட்டேனே. நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்க."

வெளி அறைக்கு வந்து யாழினியைக் கைப்பேசியில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். இவரும் பின்னாலேயே வந்தார். என் அவசர "ஆமா" எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன்.

"என்னடி டைப் பண்ணி அனுப்பியிருக்க? ஆவன்னாவுக்கு எதுக்குடி பெரிய ஏ போட்ட?"

"அதான் மா ஆ. ஷிஃப்ட் ஏ. கீபோர்ட் இங்கிலீஷ்லயே இருந்துருக்கு போல, நான் பார்க்கல. பட் ரீட் பண்ணா தெரியுமே. ஸ்மால் ஏ அ, கேப்பிட்டல் ஏ ஆ. எல்லாரும் அப்படித்தானே அடிப்பாங்க?"

கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் அடிக்கிறோம். நானும் அப்படித்தான் அடிக்கிறேன். ஜமால் அண்ணன் அடிப்பதில்லை. அவர் குரலில்தான் தமிழ் அனுப்புவார்.

"ரொம்ப பெரிய ப்ராப்ளமா மா?" அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "அப்பா இனிமே சைன் பண்ண மாட்டாருல்ல."

இவர் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ யாருக்கு இவ்வளவு தமிழ் அடிக்கற?"

"ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல பா. நாலு பேர் சேந்து ஒரு பேய்க் கதை எழுதறோம். நைட் ரயில்ல ஒரு பேய் ஏறுது. நாங்க ஆளுக்கு ஒரு நாள் எழுதணும்."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான் பா. பேய் தமிழ்ப் பேய்."

"எத்தன நாளா?"

"ஒன் இயர் ஆச்சு. ஒங்ககிட்ட காட்டினா கரெக்ட் பண்ணுவீங்க." அப்புறம் வேகமாகச் சொன்னாள். "இப்ப நாலு வாரமா என் டர்ன் வந்தா எழுத முடியல பா. ஹையர் தமிழ் கட்டுரை எழுதி எழுதி, தமிழ் கீபோர்ட திறந்தாலே ஹோம்வொர்க் மாதிரி இருக்கு. எனக்கு அது புடிக்காமப் போயிடும்னு பயமா இருக்கு."

இவர் "சரி, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார். என் "ஆமா"வைப் பற்றி அவளிடம் அப்போதே சொன்னேன். பாதித் தப்பு என்னுடையது என்றேன். பாதிக்கு மேல் என்று அவள் சொன்னாள்.

6

எட்டு ஒயரை மாற்றிச் செருக ஜமால் அண்ணனுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக வந்தன. இனி கடைசிச் சோதனை. ஆனா பக்கத்து சுவிட்சை முழுதாக அணைக்க வேண்டும். எல்லாப் போக்குவரத்தும் ஆவன்னா பக்கத்தில் வந்து குவியும். ஒரு துண்டாவது விழுந்தால் இவர் எழுதிய இரண்டு பக்கமும் சரி என்றாகிவிடும்.

ஜமால் அண்ணன் மின்சார ஒயரைப் பிடுங்கினார். இவர் திரையில் இரண்டு எண்கள் தெரிந்தன. ஒன்று, விழுந்தவை எத்தனை என்பது. அது சைபரில் நின்றது. மற்றது, "இரு" என்று எத்தனை தடவை சொல்லப்பட்டது என்பது. அது ஏறிக்கொண்டே போனது. நூறு, இருநூறு, ஐந்நூறு.

"ஒண்ணுகூட விழல" என்றார்.

"நான்தான் சொன்னேனே" என்றேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த எண்ணையே பார்த்தார். "நெறைஞ்சுபோச்சுன்னு அது சொல்லுது மீனா. சொல்லச் சொல்ல இது நிக்குது. நான் நிக்கவே இல்லையே" என்றார்.

எதைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு மேலாளர் அம்மையார் நாற்காலியை மடித்து வைத்தார்.

7

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடக்க இடம் இருக்காது. யாழினி பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்து சேரவில்லை. படிக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நாங்கள் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு வாழையிலைக் கடையில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வரும் வழியில் தேக்கா சந்தை வாசலில் இவர் எனக்கு இரண்டு முழம் பூ வாங்கித் தந்திருந்தார். அதோடு திருமண நாள் முடிந்தது.

மீன் குழம்பு வருவதற்கு முன் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பத்து நாள் மடிந்திருந்த மடிப்பை விரலால் தேய்த்து நீவினார். பேனா கேட்டார். தன் கோட்டில், கல்யாணப் பதிவேட்டில் போட்ட அதே நீளக் கையெழுத்தைப் போட்டார்.

"விட்டுடுன்னு போடல" என்றார். "இருன்னு போட்டிருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்புக் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் குழம்பு இன்னும் வந்திருக்கவில்லை. பிறகு வந்து, ஒரு சொட்டுப் படிவத்தின் ஓரத்தில் விழுந்தது. பள்ளி அலுவலகத்தில் வேறு படிவம் கேட்பார்களோ என்று இரவெல்லாம் கவலைப்பட்டார்.

கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் கைப்பேசியோடு சமையலறைக்கு வந்தார். எங்கள் மூன்று பேர் குரூப்பில் யாழினி கட்டை விரல் படத்தைத் தவிர எதையும் போட்டு ஒரு மாதமாகிறது. அன்றைக்கு ஒரு வரி போட்டிருந்தாள். கீபோர்டை மறுபடியும் மாற்ற மறந்திருக்கிறாள், அல்லது வேண்டுமென்றேதான் அப்படி அனுப்பினாளோ, தெரியாது.

appA, nanRi.

எழுத்துப் பிழை பார்க்கிற மனிதர் அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே ஒரு விரலால் அடிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றார்.

"மீனா, பரவாயில்லங்கறதுல பெரிய ஏ எங்க வரும்?"

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

"'வா'வுல" என்றேன்.